ஐந்தெழுத்துப் பட்டா

சீதாராமனுக்குச் சால்வை போர்த்தியபோது பட்டாபிராமனும் கைதட்டினார். தட்டாமல் இருக்க முடியாது. யார் யார் தட்டவில்லை என்று பார்ப்பதற்காகவே காரியதரிசி ராகவேந்திரன் மேடையோரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே பட்டாபிராமன் மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினார். உள்ளங்கை எரிந்தது. வயிறு அதற்கு முன்பே எரிய ஆரம்பித்திருந்தது.

சீதாராமன் கண்டுபிடித்த சொல் கொழுக்கட்டை.

அந்த மாதத்துக் கட்டளை ஆறெழுத்து. உள்ளே ழகர வரிசையில் ஒன்றும் டகர வரிசையில் ஒன்றும் இருக்க வேண்டும். சபையார் அத்தனை பேரும் அகராதியும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாபிராமன் முந்தின தினமே வாழைத்தண்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சபை விதிப்படி சொல்லை மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் மூன்றாவது பிரதியில் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த சீதாராமன் கண் விழித்து, "கொழுக்கட்டை தின்னு எத்தனை நாளாச்சு" என்றார். யாரோ விரல் விட்டு எண்ணினார்கள். ஆறு வந்தது. சபை விதியை மறந்து ஆரவாரித்தது. மூன்றாவது பிரதியின் சுழி அப்படியே நின்றுவிட்டது.

இது நடந்தது கல்கத்தாவில், பவானிபூர்ச் சந்து ஒன்றில், ஹரிபத பாபு என்பவருடைய வீட்டுக் கீழ்க்கூடத்தில். வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்த காலம். வாசலில் ஊர்வலம் போகும். சீமைத் துணியைக் குவித்துக் கொளுத்துவார்கள். உள்ளே கல்கத்தா திராவிட ழகர பரிபாலன சபையார், புகையால் சொல் தேடுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்திக்கொள்வதாக ஏகமனதாகத் தீர்மானம் செய்வார்கள்.

சபை பிறந்த கதை சிறியது. ராவ்சாஹிப் சிவராமகிருஷ்ணய்யர் பென்ஷன் வாங்கிய மறுவாரம் அவருடைய பேரக்குழந்தை, "பளம் வேணும்" என்று அழுதது. வேறு வேலையில்லாத பெரிய மனிதருக்கு இது போதும். கங்கை ஜலத்தில் ழகரத்தைக் கரைக்கிற ஏதோ ஓர் உப்பு இருக்கிறதென்றும், அடுத்த தலைமுறைக்குள் கல்கத்தாத் தமிழன் நாக்கிலிருந்து அந்த எழுத்து அடியோடு போய்விடுமென்றும் அவர் கண்டுபிடித்தார். உடனே சபை ஏற்பட்டது. அவர் அக்கிராசனர் ஆனார். பேரக்குழந்தைக்குப் பழம் கிடைத்ததா என்பது சபைக் குறிப்புகளில் இல்லை.

"இந்தச் சபையில் உத்தியோக பேதம் கிடையாது" என்று அக்கிராசனர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். "சிப்பந்தியும் சூப்பரின்டென்டெண்டும் இங்கே ஒண்ணுதான். கெஜட்டிலே பேர் வரவா முன்னாடி உக்காரறது காத்துக்காக."

எல்லாரும் அரசாங்க ஆபீஸ்களிலும் துரைமார் கம்பெனிகளிலும் காகிதம் நகர்த்திப் பழகியவர்கள். ஆதலால் சொல்லையும் காகிதம்போலத்தான் நகர்த்தினார்கள். சொல்லைப் பிரேரிக்க ஒருவர் வேண்டும். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். இருவரும் அந்த வஸ்துவை நேரில் அறிவோம் என்று அறிமுகப் பிரமாணம் செய்ய வேண்டும். பிறகு சான்றுப்பொருளைக் கொண்டுவந்து பரீக்ஷை உபகமிட்டியின் முன் வைக்க வேண்டும். சேனைக்கிழங்கு என்ற ஏழெழுத்துச் சொல் வந்தபோது சேனைக்குப் பேர்போன சாந்த்ராகாச்சியிலிருந்து அசல் கிழங்கு வரவழைத்தார்கள். உபகமிட்டித் தலைவர் மஹாதேவன் கடமையுணர்ச்சி மிகுந்தவர். பச்சையாகவே கடித்துப் பார்த்துவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் அவரால் ழகரம் என்ன, எந்த எழுத்தையுமே சொல்ல முடியவில்லை. சபை அவரைத் தியாகி என்று அழைத்தது.

இத்தனையும் தாண்டிவிட்டால் அந்தச் சொல் கண்டுபிடித்தவருக்குப் பட்டாவாகிவிடும். அதன்பின் சபையைச் சேர்ந்த எந்தக் குடும்பத்தாரும் அவருடைய அனுமதி பெறாமல் அதை வாயால் சொல்லக் கூடாது. அனுமதி பெற்றுச் சொன்னாலும், சொல்லி முடித்தவுடன் இன்னார் உபயம் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். குழம்பு என்ற சொல்லுக்குப் பட்டா வாங்கியிருந்த ராகவேந்திரனுடைய பெயர், இதனால் பவானிபூரில் தினம் இரண்டு வேளை சாப்பாட்டிலும் அடிபட்டது.

இவ்வளவு மும்முரமாக ஒரு கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துகளை எண்ணினால் சர்க்கார் சும்மா இருக்குமா? ரகசியப் போலீஸ் ஆள் ஒருவன் சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். கடைசியில், 'அபாயம் ஏதுமில்லை' என்று எழுதிவிட்டுப் போனான். சபையாருக்கு இது பெரிய அவமானம். மறுபரிசீலனை கோரி விண்ணப்பம் போட்டார்கள், பதில் வரவில்லை.

பட்டாபிராமனுக்கு இந்தச் சபையிடம் பெரிதாக எதிர்பார்ப்பு ஒன்றும் இருந்ததில்லை. ஒரே ஒரு காரியம்தான் அவருக்கு ஆக வேண்டியிருந்தது. சீதாராமன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தம்மைப் பார்த்து வயிறெரிய வேண்டும்.

இருவரும் ஒரே நாளில் ஒரே ஆபீஸில் ஒரே கிரேடில் சேர்ந்தவர்கள். ஹரிபத பாபுவின் வீட்டு மாடியில் எதிரெதிர்ப் போர்ஷனில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு வராந்தா. துரை சீதாராமனைப் பார்த்தால் சிரிப்பார். பட்டாபிராமனைப் பார்த்தால் கடியாரத்தைப் பார்ப்பார். பட்டாபிராமன் சளைக்கவில்லை. வெள்ளிப்பிடி போட்ட குடை வாங்கினார். வெயிலுமில்லாத மழையுமில்லாத ஒரு சாயங்காலம் அதை விரித்துக்கொண்டு வராந்தாவில் உலாவினார்.

"பேஷா இருக்கு ஓய்" என்றார் சீதாராமன். "மழை வந்தா உம்மகூடவே வந்துடறேன். எனக்கொரு குடை மிச்சம்."

அப்படியே வந்தார். அந்த மழைக்காலம் பூராவும் டிராம் நிற்கிற இடம் வரை வெள்ளிப்பிடிக் குடையின் பெரும்பகுதி சீதாராமன் தலைமேல்தான் இருந்தது. பட்டாபிராமனுக்கு இடது தோளில் ஜலதோஷம் கட்டிக்கொண்டது.

இப்பேர்ப்பட்ட மனிதனுக்குச் சால்வை. அடுத்ததாகப் பிள்ளையார் சதுர்த்தி வேறு வந்து சேர்ந்தது.

"ஏன்னா, பூரணத்துக்குத் தேங்கா போறுமா பாருங்கோ. நாளைக்குக் கொழு..." என்று ஆரம்பித்தாள் அவர் மனைவி மீனாக்ஷி.

"நிறுத்து" என்றார் பட்டாபிராமன். "அந்தப் பேரை இந்த ஆத்துல சொல்லப்படாது. சொன்னா அவன் பேரையும் சேத்துச் சொல்லணும்."

"பின்னே என்னன்னு சொல்றது?"

"அதுன்னு சொல்லு."

"பிள்ளையாருக்கு அது பண்ணப்போறேன்னா சொல்லச் சொல்றேள்? கேக்கறவா என்ன நினைப்பா?"

"நினைக்கட்டும்."

மீனாக்ஷி இடுப்பில் கை வைத்து அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய், "சுப்பு, உங்காத்துக்காரர் பட்டா வச்சிண்டிருக்காரே, அதை நான் நாளைக்குப் பண்ணலாமோ?" என்று கேட்டாள்.

"தாராளமாப் பண்ணுங்கோ மாமி" என்றாள் சீதாராமன் மனைவி சுப்புலக்ஷ்மி. "பட்டா வாங்கினதே அவருக்கு ஞாபகமில்லை. நேத்திக்குத் தலகாணி தட்டையா இருக்குன்னு அந்தச் சால்வையை எடுத்து அதுக்குள்ள அடைக்கப் பாத்தார். நான்தான் பிடுங்கி வச்சேன்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பட்டாபிராமனுக்கு, சால்வை கிடைத்ததைவிட அதைத் தலையணையில் அடைக்க நினைத்தது அதிகமாக வலித்தது. சதுர்த்தியன்று ஒரு தட்டு நிறைய அதுகள் எதிர்ப் போர்ஷனிலிருந்து வந்தன. அவர் தொடமாட்டேன் என்றார். மீனாக்ஷி கூடத்திலிருந்து நகர்ந்தபிறகு நாலு சாப்பிட்டார். நன்றாகவே இருந்தன. அதுவும் பிடிக்கவில்லை.

புரட்டாசிக் கூட்டத்தில் அக்கிராசனர் புதிய கட்டளையை வெளியிட்டார்.

"ஐந்தெழுத்து. ழகர வரிசையில் ஒன்று, றகர வரிசையில் ஒன்று. கண்டுபிடிப்பவருக்குச் சொற்பிரபு என்ற பட்டமும், என் இடது பக்கத்தில் கைவைத்த நாற்காலியும் உண்டு. சபையோர்களே, பத்து வருஷமாக இந்த மேடையில் நாற்காலி ஒன்றுதான். ஏன்? நாற்காலி வாங்க முடியாமலா? இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் என் நாற்காலியின் உயரம் குறைந்து தெரியும் என்பதற்காக. இன்று தமிழுக்காக அந்தத் தியாகத்தையும் செய்கிறேன்."

மேடையில் புதிய நாற்காலி பழுப்புக் காகிதம் சுற்றியபடி நின்றது. பட்டாபிராமன் அதைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சீதாராமனைப் பார்த்தார். அவர் ஜமக்காளத்தில் காலை நீட்டிக்கொண்டு, காபி டவராவை வயிற்றின்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் நாம் உட்கார்ந்தால் இவன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாக வேண்டும் என்று பட்டாபிராமன் நினைத்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

பார்த்ததையெல்லாம் எண்ணத் தொடங்கினார். ஆபீஸில் துரை ஏதோ கேட்க, வாய்க்குள் முணுமுணுத்து விரலை மடக்கிவிட்டு, "நாலுதான் சார்" என்றார். ஜதுபாபு பஜாரில் ஒவ்வொரு காய்கறியாகக் கையிலெடுத்து எண்ணி, பெருமூச்சு விட்டுத் திரும்ப வைத்ததைப் பார்த்த கடைக்காரன், பாவம் இந்த மதராஸி பாபுவுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று ஒரு முள்ளங்கியைச் சும்மா கொடுத்தான். ஹூக்ளிக் கரையில் அடைமழையில் நின்றுகொண்டு யோசித்தார். மழையில் ழ இருக்கிறது. ஆற்றில் ற இருக்கிறது. மழை ஆற்றிலேதான் விழுகிறது. கண்ணெதிரே இத்தனையும் ஒன்றாய்க் கலந்தும் ஒரு சொல் பிறக்கவில்லை. இயற்கையின் இந்த அலட்சியம் அவரைப் புண்படுத்தியது.

"கீ ஹொலோ தாதா, உடம்பு சரியில்லையா?" என்று ஹரிபத பாபு விசாரித்தார். நிலைமையை விளக்கினார் பட்டாபிராமன். ஹரிபத பாபு வெகுநேரம் யோசித்தார். "எங்கள் பாஷையில் அந்த எழுத்தே இல்லையே. நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?" என்று கேட்டார். சபையின் அடிப்படையையே அசைக்கிற கேள்வி இது. வீட்டுக்காரர் என்பதால் மன்னிக்கப்பட்டார்.

இதற்குள் காரியதரிசி ராகவேந்திரன் பழச்சாற்றோடு வந்துவிட்டார். ப, ழ, ச், சா, று. கட்டளைக்கு இம்மி பிசகவில்லை. சான்றுப்பொருளாக ஒரு கூஜா மாதுளைச் சாறு வந்தது. உபகமிட்டி அதைப் பரீக்ஷை செய்தது. சந்தேகம் தீராமல் மறுபடியும் செய்தது. அக்கிராசனரும் தம் பங்குக்குப் பரீக்ஷை செய்தார். முடிவில், கோப்பில் சேர்ப்பதற்குச் சான்றுப்பொருள் மிச்சமில்லாத காரணத்தால் சொல் தள்ளுபடியாயிற்று. பட்டாபிராமனுக்கு உயிர் வந்தது.

அந்த வாரமே, ஒரு நாள் காலை, தட்டில் கையை வைத்தவர் அப்படியே நின்றார். தட்டில் இருந்தது பழஞ்சோறு. எண்ணினார். ஐந்து. ழ இருந்தது. ற இருந்தது. மாவடுவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை வாழையிலையால் மூடி ஏந்திக்கொண்டு சபைக்குப் போனார். மூன்று பிரதிகளையும் நீட்டினார். ராகவேந்திரன் உரக்கப் படித்தார். கூடத்தில் ஓர் ஈ பறக்கிற சப்தம் கேட்டது. அது கிண்ணத்தை நோக்கித்தான் பறந்தது.

"பிரேரணை செய்கிறவர் இதை நேரில் அறிவாரா?"

"அறிவேன். இன்னிக்குக் கார்த்தாலகூட" என்றார் பட்டாபிராமன்.

"ஆமோதிக்கிறவர்?"

ஒரு கையும் எழும்பவில்லை. அத்தனை பேர் வீட்டிலும் அன்று காலை அதுதான். மஹாதேவனுடைய மீசையில் ஒரு பருக்கை இன்னும் இருந்தது. ஆனால் பிரமாணம் செய்வதென்பது வேறு விஷயம்.

அக்கிராசனர் தொண்டையைக் கனைத்தார். "சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அங்கம் வகிக்கும் சபை இது. அந்த வஸ்துவைக் கேள்விப்பட்டவர்கள்கூட இங்கே இருக்க மாட்டார்கள். நான் கேள்விப்பட்டதேயில்லை. அதற்கு மோர் விட்டுக்கொள்வதா, தயிர் விட்டுக்கொள்வதா என்பதுகூட எனக்குத் தெரியாது. தயிர்தான் விசேஷம் என்று என் வீட்டில் சொல்வார்கள்."

அப்போது பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. சீதாராமனுடைய கை.

"நான் ஆமோதிக்கறேன். நானும் கார்த்தால அதான் சாப்பிட்டேன். எங்காத்துல நார்த்தங்கா." இவ்வளவையும் உட்கார்ந்தபடியே சொன்னார். "ஓய் பட்டாபி, அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளும். பரீக்ஷை ஆனப்புறம் வீணாத்தானே போகப்போறது?"

பட்டாபிராமன் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சொல் கைக்கு வந்துவிட்டது, நாற்காலியும் வந்துவிட்டது, ஒரு தலையசைப்புதான் பாக்கி. ஆனால் புரட்டாசி முதல் அமலுக்கு வந்த புதிய விதிப்படி ஆமோதிக்கிறவருக்கும் பாதிப் பட்டா உண்டு. ஆயுசு முழுவதும், பழஞ்சோறு என்று யார் வாயைத் திறந்தாலும் பட்டாபிராமன், சீதாராமன் உபயம் என்று சொல்வார்கள். அதைவிட மோசமாக, சீதாராமன் தமக்கு நல்லது செய்தவனாகிவிடுவான்.

"வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் பட்டாபிராமன்.

"எதை?"

"சோத்தை."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறி மாடிக்குப் போய்விட்டார். மீனாக்ஷிக்குக் கீழே நடந்ததெல்லாம் ஜன்னல் வழியாக முன்பே தெரிந்திருந்தது.

"நீங்க ஆசைப்பட்ட நாற்காலி. அந்த மனுஷன் கையைத் தூக்கி உங்க மடியில கொண்டு வச்சார். வேண்டாம்னுட்டு வந்து நிக்கறேளே. வயத்தெரிச்சல், வேற என்ன?"

பட்டாபிராமன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பழக்க தோஷத்தால் விரல்கள் தாமாக மடங்கின. வயிற்றெரிச்சல், எட்டு. ற உண்டு, ழ இல்லை.

"நான் என்ன சொல்லிண்டிருக்கேன், நீங்க என்ன எண்ணிண்டிருக்கேள்? பொறாமை. எத்தனை வேணுமானாலும் எண்ணிக்கோங்கோ."

மூன்று. அதிலும் ழ இல்லை. ஆனால் இதற்கு இன்னொரு பெயர் உண்டே என்று அவருக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு பொருள் கேட்ட பெயர். கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார். அ. ழு. க். கா. சுண்டுவிரலும் மடங்கிக் கை முழுதாக மூடிக்கொண்டது. று.

அழுக்காறு.

மூடிய கையை அப்படியே பிடித்துக்கொண்டு, திறந்தால் பறந்துவிடுமோ என்கிற மாதிரி, அவர் மனைவியை அன்போடு பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பார்வையைக் கண்டதில்லை. பயந்துபோய் மிளகு ரசம் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ராகவேந்திரன் பிரதியைப் படித்துவிட்டு வழக்கமான கேள்விகளைத் தொடங்கினார்.

"பிரேரணை செய்கிறவர் இந்த வஸ்துவை நேரில் அறிவாரா?"

"நன்னா அறிவேன்."

"எவ்வளவு காலமாக?"

"ஆபீஸ்ல சேந்த நாள்லேர்ந்து. நடுவுல ஒரு நாள்கூட லீவு இல்லை."

"சான்றுப்பொருள்?"

"கொண்டுவந்திருக்கேன். உள்ளே இருக்கு."

"வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். விதி அப்படி" என்றார் மஹாதேவன்.

பட்டாபிராமன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா சீதாராமனை அந்தச் சால்வையைப் போத்திண்டு எழுந்து நிக்கச் சொல்லுங்கோ."

மாடியிலிருந்து சால்வை வந்தது. சீதாராமன் போர்த்திக்கொண்டு, ஒன்றும் புரியாமல், மாப்பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு நின்றார். உபகமிட்டி அங்கத்தினர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டாபிராமனுடைய முகத்தருகே குனிந்தார்கள். காது மடல் சிவப்பதை ஒருவர் பார்த்தார். கீழுதட்டைப் பல் கவ்வுவதை இன்னொருவர் பார்த்தார். மஹாதேவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "சுத்தமான சரக்கு. கலப்படமில்லை" என்று எழுந்து நின்று அறிவித்தார்.

"ஆமோதிக்கிறவர்?" என்றார் ராகவேந்திரன். கேட்ட கையோடு, முக்காலியிலிருந்தபடியே தம் கையையும் தூக்கினார். "நானே ஆமோதிக்கறேன். நேரடிப் பரிச்சயம் உண்டு. சபை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, அக்கிராசனர் நாற்காலியைப் பாத்து."

அக்கிராசனர் திரும்பினார். "என் நாற்காலியையா?"

"பிரமாணம்னு வந்தப்புறம் பொய் சொல்லப்படாது. உங்க நாற்காலியைத்தான். முக்காலியில உக்காந்து பாத்தாத் தெரியும்."

"காரியதரிசிக்கு என்ன அனுபவம் போறும்?" என்று மஹாதேவன் குறுக்கிட்டார். "குழம்புக்குப் பட்டா அவர்கிட்ட இருக்கு. நான் சேனையைக் கடிச்சேன். எனக்கு அரிப்புதான் மிச்சம். எங்காத்துலயே தினம் ரெண்டு வேளை அவர் பேரைச் சொல்லிப் பரிமாறறா. என்னைவிடப் பழைய கை இந்தச் சபையில கிடையாது."

அதற்குள் கூடம் முழுக்கக் கைகள். அடுத்த வீட்டுக்காரன் பெண்ணுக்கு வாய்த்த ஸப் மாஜிஸ்திரேட் மாப்பிள்ளை, மைத்துனன் வாங்கின பியானோ, ஆபீஸில் இன்னொருவனுக்குக் கிடைத்த ஜன்னலோர மேஜை என்று ஆளாளுக்குத் தங்கள் பரிச்சயத்தை எடுத்து வைத்தார்கள். பழஞ்சோற்றை அறியாத சபை, இதில் மட்டும் ஊறித் திளைத்திருந்தது. கடைசியில் அக்கிராசனரே எழுந்துவிட்டார்.

"அமைதி. இது சீனியாரிட்டி பிரச்னை. என் தம்பி ராவ்பகதூர். நான் வெறும் ராவ்சாஹிப். என்னிடம் பாடம் கேட்டு வளர்ந்தவன் அவன். பட்டம் அச்சடித்த அவன் விஸிட்டிங் கார்டைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இங்கே ஒரு பந்து எழும்பும். நீங்களெல்லாம் நேற்று வந்தவர்கள். இந்த வஸ்துவில் என்னுடைய சர்வீஸுக்கு ஒருவனும் பக்கத்தில் வர முடியாது."

சபை தலைவணங்கியது. கை தூக்காமலிருந்தவர் ஒருவர்தான். ராகவேந்திரன் அவரைக் கண்டுபிடித்து, "சீதாராமன், உம்ம பிரமாணம்?" என்று கேட்டார்.

"எனக்குப் பழக்கமில்லையே" என்றார் சீதாராமன், சால்வையை அவிழ்த்து மடித்துக்கொண்டே. "தெரியாத வஸ்துவைத் தெரியும்னு எப்படிச் சொல்றது? எல்லாரும் சொல்றதைப் பாத்தா, ரொம்பச் சிரமமா இருக்கும்போலத் தோண்றது."

ஆமோதித்தவர்கள் இவ்வளவு பேர் என்பதால் பாதிப் பட்டாவைக் கூறுபோட முடியாமல், முழுப் பட்டாவும் பட்டாபிராமன் பெயருக்கே எழுதப்பட்டது. சொற்பிரபு பட்டம் வாசிக்கப்பட்டது. பழுப்புக் காகிதத்தைக் கிழித்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். மேடையில் இருந்து பார்த்தபோது எல்லோருடைய வழுக்கையும் தெரிந்தது. சீதாராமனுடைய முகம் மட்டும் தெரியவில்லை. அவர் டவராவுக்குள் குனிந்திருந்தார்.

மறுநாளிலிருந்து அந்தச் சொத்து யாருக்குத் தேவைப்பட்டாலும் பட்டாபிராமனிடம் வர வேண்டியதாயிற்று. சொல்லவும் அனுமதி வேண்டும். சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வதானாலும் அனுமதி வேண்டும் என்று சபை விதியை விரித்துப் பொருள் கொண்டது. மஹாதேவன், குழம்பு விஷயமாக வேளைக்கு ஒரு தரம் அனுபவித்துக்கொள்ள விண்ணப்பித்தார். ஜன்னலோர மேஜைக்கு ஏங்கியவர் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் கேட்டார். அக்கிராசனர் நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, ராகவேந்திரன் மூலமாகத் தம்பி பேரில் ஜீவிய பரியந்தம் பாத்தியதை கோரினார். ராகவேந்திரன் அந்த விண்ணப்பத்தோடு, இரண்டு நாற்காலிகளையும் குறிப்பிட்டுத் தம்முடையதையும் வைத்திருந்தார்.

பட்டாபிராமன் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. நாற்காலியின் கையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மனம் குளிர, அள்ளி அள்ளிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர வேண்டியவர் ஒருவர் பாக்கி.

கார்த்திகை போயிற்று, மார்கழியும் பிறந்தது. அவர் வரவில்லை.

பட்டாபிராமனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வராந்தாவில், பல் தேய்த்துக்கொண்டிருந்த சீதாராமனைத் தாமே போய்ப் பிடித்தார்.

"ஓய், உமக்கு ஒண்ணும் வேண்டாமா?"

"என்னது?"

"அதான் ஓய். எம்பேர்ல இருக்கே. எல்லாரும் வாங்கிண்டு போறா. பக்கத்தாத்துக்காரர், விண்ணப்பம்கூட வேண்டாம். வாயால கேட்டாப் போறும், தந்துடறேன்."

சீதாராமன் வாயைக் கொப்பளித்துவிட்டு யோசித்தார். உபசாரத்தை மறுப்பது தப்பாயிற்றே என்கிற கவலை அவர் முகத்தில் உண்மையாகவே தெரிந்தது. "எதைப் பாத்து ஓய் பட்டுக்கறது?"

"நாற்காலி இருக்கே."

"ஆமாம், பேஷான நாற்காலி. நீர் உக்காந்தா நன்னாவும் இருக்கு. சுப்புகிட்டகூடச் சொன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் காலை நீட்டிண்டாத்தான் ஓய் காபி இறங்கறது. அதுல நீட்ட முடியுமோ?"

பட்டாபிராமன் முழங்கால் மடங்கிய தம் இரண்டு மாதத்தையும் நினைத்துப் பார்த்தார். முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லா விண்ணப்பங்களும் பைசல் ஆனபிறகு, சொற்பிரபு நாற்காலியிலிருந்து கீழே பார்த்தார். ஜமக்காளத்தின் மேல், தூணில் சாய்ந்து, கால்கள் இரண்டையும் தாராளமாக நீட்டி, டவராவை வயிற்றில் நிறுத்திக்கொண்டு சீதாராமன் தூங்கிக்கொண்டிருந்தார். உலகத்தில் எதுவும் வேண்டியிராத அந்த வயிறு மெல்ல ஏறி இறங்கியது. டவராவும் கூடவே ஏறி இறங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

பட்டாபிராமனுக்குக் காது மடல் சூடேறியது. உதட்டைப் பல் கவ்வியது. வயிற்றுக்குள் பழைய இடத்திலேயே அது எழுந்தது. ஆனால் முன்னெப்போதையும்விடப் பெரிதாக. அனுபவிக்கப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். விதி விதிதான், உரிமையாளர் என்பதால் விலக்கு ஏதும் எழுதி வைக்கவில்லை. ராகவேந்திரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்து மூன்று பிரதிகள் எழுதினார். விண்ணப்பதாரர், பட்டாபிராமன். உரிமையாளர், மேற்படியார். விஷயம், சீதாராமனுக்கு அது இல்லாதது குறித்து. மூன்றாவது பிரதியில் இந்தத் தடவை சுழியை நிதானமாகப் போட்டார், அவசரப்படுத்த யாருமில்லை. காகிதத்தை வலக்கையால் இடக்கையிடம் நீட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாரபட்சமில்லாமல் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

பிறகு அடியில் எழுதினார்: 'அனுமதிக்கப்பட்டது. மறு உத்தரவு வரும்வரை.'